துன்பக்கேணியை மூடுவது யார் பொருட்டு?

ஏர்க்காட்டு மலைமேல் இருவகைப் பள்ளிகள் உள. ஒருவகை, வெள்ளையர் ஆண்ட காலத்தில் வேரூன்றி, இன்று செல்வர்தம் மக்கள் தொலைவிலிருந்து வந்து தங்கிப் பயிலும் ஆங்கிலப் பள்ளிகள். அவற்றுட் பெயர்பெற்ற மாண்ட்போர்ட்டுப் பள்ளி 1917-இல் தோன்றியது. மற்றொருவகை, மலையாளிகள் எனப்படும் மலைவாழ் தமிழ்க்குடியினரின் மக்களும் தோட்டக் கூலிகளின் மக்களும் பயிலும் அரசுப் பள்ளிகளும் உண்டு உறைவிடப் பள்ளிகளும். இருவகைக்கும் நடுவே சரிவு முழுதும் குளம்பித் தோட்டங்கள்.

அத் தோட்டங்கள் தாமே முளைத்தவை அல்ல. 1820-களிற் சேலத்தில் தண்டலராயிருந்த காக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் இம் மலையிற் குளம்பிச் செடியைக் கொணர்ந்து ஊன்றினார். காடு தோட்டமாயிற்று. காட்டுக்குரியோரும், சமவெளியிலிருந்து வயிறு காய்ந்து ஏறிவந்தோரும் கூலிகளாயினர். சேர்வராயன் என்னும் மலைத்தெய்வத்தின் பெயர் துரைமார் நாவில் 'செவராய்' எனத் தேய்ந்தது. 1909-இல் எட்கர் தர்சுட்டன் ஏழு மடலங்களாக வெளியிட்ட தென்னாட்டுக் குலங்கள் பற்றிய நூலில் இம் மலையாளிகளும் இடம்பெற்றனர். மாந்தரின் மூக்ககலத்தையும் தலை நீளத்தையும் கருவி கொண்டு அளந்து இனம் பிரிக்க முயன்றவர் அவர். (ஏரியும் காடும் சேர்ந்து ஏரிக்காடு, அது குறுகி ஏர்க்காடு. அதனை 'ஏற்காடு' என்று எழுதிப் பலகை நட்டிருக்கின்றனர். ஊர்ப்பெயரின் பொருளைக்கூடப் பிள்ளைகட்குச் சொல்லாத கல்வி வேறு எதனைச் சொல்லும்?)

இனவெறியையும் சாதிவெறியையும் உள்ளவாறே காட்டும் பழம்புதினங்களைப் பள்ளியிற் பாடமாக வைக்கலாமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. அமெரிக்காவில் மார்க்கு துவெயினின் 'அக்கிள்பெரி பின்', ஆர்ப்பர் இலீ 1960-இல் எழுதிய 'மாக்கிங்பேர்டு' புதினம் ஆகிய இரண்டும் இவ் வழக்கில் அடிக்கடி கூண்டேற்றப்படுகின்றன. ஆங்கிலவழிப் பள்ளி நூலகங்களின் வாயிலாக அப் பெயர்களைத் தமிழ்ப் பிள்ளைகளும் அறிவர். அறிவது நன்றே. கருப்பின மக்களின் துயரம் தமிழர்க்கு அயலானதன்று. ஆயின், விடுதிச் சாளரத்தின் வழியே தெரியும் சரிவிற் குளம்பிப் பழம் பறிக்கும் பெண்ணின் பாட்டியும் முப்பாட்டியும் என்ன பட்டனர் என்பதைச் சொல்லும் நூல் தமிழில் உண்டா, உண்டெனின் அஃது ஏன் வகுப்பறைக்கு வருவதில்லை என்று எவரும் வினவுவதில்லை.

உண்டு. புதுமைப்பித்தன் 1935-இல் 'மணிக்கொடி' இதழில் எழுதிய 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதை ஒன்று. நெல்லைச் சீமைச் சேரிப்பெண் மருதி, ஊர்ப் பெரியதனக்காரரின் கொடுமையாற் குடும்பம் சிதைந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஆள்பிடிப்பவரின் ஆசைமொழி கேட்டுக் கடல் கடக்கிறாள். அங்கே அவள் உழைப்பும் சூறையாடப்படுகின்றது, உடலும் சூறையாடப்படுகின்றது. இரண்டாவது, ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்து, அங்கே தொழிலாளர் சங்கம் காணவும் உழைத்த பி. எச். தேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இரெட் டீ' என்னும் புதினம். தமிழன் எழுதிய தமிழர் துயரம் தமிழுக்கு வர முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின, 2007-இல்தான் இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். 2013-இல் 'பரதேசி' என்னும் திரைப்படம் அதனைத் தழுவி வந்தபின்னரே பலர் அந் நூலின் பெயரைக் கேள்வியுற்றனர். கருப்பனும் வள்ளியும் 1920-களில் அதே நெல்லைச் சீமையிலிருந்து முன்பணம் பெற்று மலையேறுகின்றனர். அம் முன்பணமே அவர்களை மீளவொட்டாது பிணிக்கும் தளையாகின்றது.

இவ்விரண்டனுள் முன்னதற்கு நேர்ந்ததைத் தமிழறிஞர் மறந்திருக்க மாட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பாடத்திட்டத்தில் இருந்த 'துன்பக்கேணி'யும், அவரே எழுதிய 'பொன்னகரம்' என்னும் சிறுகதையும் 2014-இல் நீக்கப்பட்டன. அக் கதைகள் ஒடுக்கப்பட்ட மக்களை இழிவுபடுத்துகின்றன என்பது முறையீடு. பாடத்திட்டத்திற் சேர்க்கும்போது அறிஞர் குழு கூடுகின்றது. நீக்கும்போது ஒரு தாள் போதுமானதாகின்றது.

அம் முறையீட்டை எள்ளி நகையாடியோர் பலர். அவ்வாறு நகையாடியது பிழை. சேரியிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய ஒரு மாணவன், நாற்பது பேர் நடுவில் அமர்ந்திருக்கையில், தன் குலப்பெயர் வசைச்சொல்லாக உரக்கப் படிக்கப்படுவதைக் கேட்கிறான் என்க. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கிறான். ஆசிரியர் அச் சிரிப்பைக் கேளாதவர்போல் அடுத்த பத்திக்குச் செல்கிறார். அம் மாணவனுக்கு அக்கணத்திற் புதுமைப்பித்தனின் உள்நோக்கமும் அங்கதமும் விளங்கவில்லையென்று குறைகூறுவது அறமாகுமா? காயம் உண்மை. கற்பித்தவரின் கையிலிருந்த கத்தியால் நேர்ந்த காயம் அது என்பதும் உண்மை. அறுவை மருத்துவனின் கை நடுங்கியதற்குக் கத்தியை ஆற்றில் எறிவதே தீர்வு என்றனர் பல்கலைக்கழகத்தார்.

அமெரிக்காவிலும் முறையீட்டாளர் அனைவரும் நிறவெறியர் அல்லர். 2018-இல் மின்னசோட்டா மாநிலத் துலூத்து நகரப் பள்ளிகளில் மேற்சொன்ன இரு புதினங்களும் கட்டாயப் பாடத்தினின்று விலக்கப்பட்டன. 2022-இல் வாசிங்டன் மாநில முக்கில்தியோ பள்ளி மாவட்டம் 'மாக்கிங்பேர்டு' புதினத்தை ஒன்பதாம் வகுப்பின் கட்டாயப் பட்டியலினின்று எடுத்தது. அங்கே அதனைக் கேட்டவர்கள் ஆசிரியர்களே. கருப்பனுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும் கதையிற் கருப்பன் வாய்திறப்பது அரிதாயும், அவனுக்காக வழக்காடும் வெள்ளையர் வழிபடு தெய்வமாயும் இருப்பதே அவர்கள் சொன்ன குறை. அக் குறையில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அவ்விரண்டிடத்தும் ஒன்றைக் கருதல் வேண்டும்: கட்டாயப் பட்டியலினின்றே நூல் நீங்கியது, தடை செய்யப்படவில்லை. முக்கில்தியோவில் விரும்பும் ஆசிரியர் அதனைக் கற்பிக்கலாம். துலூத்தில் அது நூலகத்தில் இருந்தது. சென்னையில் அவ்விரு கதைகளையும் இன்ன முறையிற் கற்பிக்கலாம் என்றொரு வழி தேடப்படவே இல்லை.

முறையீடு கீழிருந்து வருவது ஒருவகை. மேலிருந்து வெட்டுவது மற்றொருவகை. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2016-ஆம் ஆண்டு இறுதியில், ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் இருந்த ஒரு பகுதியை நீக்குவதாகவும் அதிலிருந்து தேர்வில் வினா வாராதென்றும் அறிவித்தது. திருவிதாங்கூர்ச் சீமையில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை உடுக்கும் உரிமைக்காகப் போராடிய வரலாறு அது. 2019-இல் அவ் வதிகாரமே முழுமையாகப் போயிற்று. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்தினின்று மகாசுவேதாதேவியின் 'திரௌபதி'யையும், தமிழ் எழுத்தாளர் பாமாவின் 'சங்கதி'யையும், சுகிர்தராணியின் பாக்களையும் நீக்கியது. இங்கே எந்த ஒடுக்கப்பட்டவர் உள்ளம் புண்பட்டது? எவருடையதும் இல்லை. புண்படுத்தியவரின் முகம் தெரிந்துவிட்டது, அவ்வளவே.

இருவகை நீக்கத்திற்கும் கரணியம் வேறு, விளைவு ஒன்றே. 'துன்பக்கேணி' போனால் மருதியின் கதை மாணவனுக்குத் தெரியாது. 'சங்கதி' போனாலும் மருதியின் பேத்தி சொல்லும் கதை தெரியாது. பண்ணையாரும் தோட்டத்துரையும் ஆள்பிடித்த கங்காணியும் இரு வழியிலும் தப்பித்துக் கொள்கின்றனர்.

கங்காணி என்னும் அச் சொல்லில் தமிழுணர்வாளர் சற்றே நின்று செல்லுதல் வேண்டும். தோட்டக் கொடுமையை வெள்ளையன் செய்த கொடுமை என்று மட்டும் மேடையிற் பேசுவது எளிது, கைத்தட்டலும் கிட்டும். இலங்கை அரசு 1948-இற் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதையும், 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் அவர்களைக் கேளாமலே அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டுக்கொண்டதையும் பேசுவது கடமை. ஆயின் மருதியை ஊரைவிட்டு விரட்டியவன் எம்மொழி பேசினான்? பொய்சொல்லிக் கப்பலேற்றியவன் எம்மொழியிற் பொய் சொன்னான்? கருப்பனுக்கு முன்பணம் கொடுத்துக் கணக்கெழுதிய மேத்திரி எவ்வூரான்? அத்தனையும் தமிழ். இவ்விரு நூல்களும் வெள்ளைத் துரையை மட்டும் கூண்டிலேற்றியிருப்பின் எப்போதோ பாடநூலாகிப் பரிசும் பெற்றிருக்கும். தமிழனையும் உடன் ஏற்றியதனாலேயே அவை உறுத்துகின்றன. தமிழ்த்தேசியம் பேசுவோர் இவ் வுறுத்தலைத் தாங்கும் வலிவு பெறாவிடின், அவர் கேட்கும் நாட்டிற் சேரி எந்தத் திசையில் இருக்கும் என்று சேரியார் கேட்பர். கேட்கவும் வேண்டும்.

அச்சம் வெறும் கற்பனையன்று. 2023 ஆகத்துத் திங்களில் அதே நெல்லைச் சீமையில், நாங்குநேரியில், ஒரு பள்ளி மாணவனை உடன்பயில்வோரே வீடு புகுந்து வெட்டினர். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பின்னர் அமைக்கப்பட்ட உயர்நீதிமன்ற மேனாள் நடுவர் சந்துருவின் ஒருவர் குழு 2024 சூன் திங்களில் அறிக்கை அளித்தது. மணிக்கட்டிற் சாதிநிறக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப்பெயரை நீக்கவும் அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது நன்று. கயிறு கட்டிய கைக்குத் தொண்ணூறு நூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் நடந்ததைப் படிக்கக் கொடுப்பது அதனினும் நன்று. மருதியின் கதை நெல்லைப் பிள்ளைக்குத் தன் ஊர்க்கதை. ஏர்க்காட்டுப் பிள்ளைக்குத் தன் மலைக்கதை.

இனி, வேறோர் இழுக்கல் உண்டு. அது நூலை நீக்காமல் நூலைக் கழுவுவது. ஆலன் கிரிப்பென் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 2011-இல் 'அக்கிள்பெரி பின்' புதினத்திற்கு ஒரு புதுப்பதிப்பு வரச்செய்தார். கருப்பரைக் குறிக்கும் இழிசொல் அதில் 219 இடங்களில் வருகின்றது. அவ்விடங்களிலெல்லாம் 'அடிமை' என்னும் பொருள்படும் சொல்லைப் பெய்தார். நல்லெண்ணம்தான். ஆனால் 'அடிமை' என்பது ஒருவன் இருக்கும் நிலையைக் குறிக்கும் சொல். இழிசொல்லோ மற்றொருவன் அவன்மீது உமிழும் செயல். உமிழ்ந்தவனை மறைத்து, உமிழ்நீர் பட்டவனை மட்டும் காட்டுகின்றது அப் பதிப்பு. அக் கதையின் உயிரே அங்கேதான் உளது. அடிமையைக் காட்டிக்கொடாமை தீவினையென்றே ஊரும் கோயிலும் சிறுவனுக்குக் கற்பித்திருக்கின்றன. தான் நரகுக்குப் போவதாயினும் போகட்டும் என்று அவன் துணிகிறான். ஊர்முழுதும் எத்துணை இயல்பாக அவ் விழிசொல்லைப் புழங்கியது என்பதை அறியாத மாணவன், அச் சிறுவனின் துணிவை எங்ஙனம் அளப்பான்?

தமிழிலும் இவ் விழுக்கல் உண்டு. தனித்தமிழ் அன்பர்க்கு அது இரட்டிப்பாக உண்டு. புதுமைப்பித்தனின் நடை வடசொற் கலப்பு மிக்கது. பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் இருந்து, பெருஞ்சித்திரனார் போன்றாரை உருவாக்கிய இம் மாவட்டத்தில், அந் நடையை மாணவர்க்கு முன்மாதிரியென்று காட்டத் தமிழாசிரியர் தயங்குவது இயல்பே. ஆயினும் அவர் எழுதிய வடசொல்லை எடுத்துவிட்டுத் தென்சொல்லைப் பெய்து பாடநூலில் அச்சிடுவது தமிழ்த்தொண்டன்று. கிரிப்பென் செய்ததைத் தமிழிற் செய்வதாகும். சாதிப்பெயரை எடுத்துவிட்டுத் 'தொழிலாளி' என்று பெய்வதும் அதுவே. 1935-இல் எழுத்தாளர் எவ்வாறு எழுதினார், ஊரார் எவ்வாறு ஏசினர் என்பவை சான்றுகள். சான்றை மாற்றுவோன் ஆசிரியன் அல்லன். நடை வேண்டுமாயின் வேறு நூல்களில் உண்டு. மாணவன் கட்டுரையை நல்ல தமிழில் எழுதட்டும்.

அங்ஙனமாயின் அக் கதைகளைப் பாடத்திட்டத்தில் மீண்டும் வைத்துவிட்டால் போதுமா? போதாது. தனியே வைப்பதே முதற்குறை. சோசப்பு கான்ராடின் 'இருளின் நெஞ்சம்' ஆப்பிரிக்க மக்களை வெறும் நிழலாக்கிக் காட்டுகின்றது என்று சினுவா அச்சிபே 1975-இல் அமெரிக்கக் கல்லூரி மேடையொன்றில் இடித்துரைத்தார். அதற்குப் பதினேழு ஆண்டுகட்கு முன்னரே, 1958-இல், ஆப்பிரிக்கச் சிற்றூரை ஆப்பிரிக்கன் கண்ணால் காட்டும் தம் புதினத்தை எழுதி முடித்திருந்தார். ஒன்றைப் படிப்போர் மற்றொன்றையும் படிக்கும்போதுதான் பாடம் நிறைகின்றது. தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. புதுமைப்பித்தன் சேரிக்குள் நின்று எழுதியவர் அல்லர். பரிவோடு வெளியே நின்று பார்த்தவர். அதனால் அவர் பக்கத்தில் பாமாவின் 'கருக்கு' நிற்றல் வேண்டும். 1992-இல் வந்த அந் நூலிலிருந்து, தாம் சிறுமியாயிருந்தபோது தெருவிற் கண்டதைச் சொல்லும் பகுதி நடுவண் கல்வித் திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. அமெரிக்கச் செவ்விந்தியப் பெண் ஒருத்தியின் சிறுவயது நினைவோடு அதனை இணைத்து வைத்திருந்தனர். நல்ல இணைப்பு. தமிழ்ச் சேரிச் சிறுமியின் சொல், ஆங்கிலப் பாடமாக நாடு முழுதும் போயிற்று. தமிழ் வகுப்பில் அதனை எடுப்பதற்கு மட்டும் எத்தனை தயக்கம்!

இரண்டாவது, வயது. மருதிக்கு நேர்வன எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உரியன அல்ல. 'துன்பக்கேணி' முழுமையாக வரவேண்டிய இடம் மேனிலை வகுப்பு. 'பொன்னகரம்' கல்லூரிக்கு உரியது. கணவனுக்காக உடலை விற்கும் ஆலைத்தொழிலாளியின் கதையை அதற்கு முன் வைத்தால், வகுப்பிற் கற்பைப் பற்றிய கூச்சலே மிஞ்சும்; ஆலையும் பசியும் மறைந்துபோம். 'எரியும் பனிக்காடு' பெரிய நூல். பதினொன்றாம் வகுப்பிற்குத் துணைப்பாடமாகச் சில அதிகாரங்கள் போதும். இங்கே ஒரு முட்டுப்பாடு உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரையிலேயே தமிழைக் கட்டாயமாக்குகின்றது. அதற்குமேல் மலைமேலுள்ள ஆங்கிலப் பள்ளி மாணவன் தமிழை உதறிவிட்டுப் பிரெஞ்சுக்கோ வேறெதற்கோ போய்விடலாம். எனவே அவனுக்காகவேனும், ஆட்பிடித்தலும் மலையேற்றமும் வரும் முற்பகுதியைப் பத்தாம் வகுப்பிலேயே வைத்தாகல் வேண்டும். தோட்டத்துக்கு நடுவே நான்கு சுவர்க்குள் வளரும் அவனுக்குத்தான் அது மிகுதியும் தேவை.

மூன்றாவதே தலையாயது, அதற்குப் பணமும் வேண்டா, சட்டமும் வேண்டா. இழிசொல் வரும் வரியை எந்த மாணவனையும் எழுப்பிப் படிக்கச் சொல்லலாகாது. ஆசிரியரே படித்தல் வேண்டும். படிக்குமுன் அச் சொல் யார் வாயில், யாரை நோக்கி, எந்த ஆண்டில் வந்தது என்று சொல்லிவிடல் வேண்டும். சிரிப்பு எழுமாயின் பாடத்தை அங்கேயே நிறுத்தி, அச் சிரிப்பையே பாடமாக்கல் வேண்டும். இதற்குப் பழக்கம் வேண்டும். நன்னூலுக்கு உரை சொல்லிப் பழகிய நாவுக்கு இது புதிது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் யாப்புக்குத் தரும் பொழுதில் இதற்கும் சிறிது தந்தால் குறைந்துவிடாது. இனி, ஆசிரியரே கயிறு கட்டாக் கையினரா என்று கேட்போரும் உளர். அவ் வினாவிற் குற்றமில்லை. அத்தகையோர் கையில் இக் கதையைக் கொடுப்பது இடர் என்பதும் மெய்யே. ஆனால் அத்தகையோர் கையில் வரலாறும் கணக்குங்கூட இடரே. அதற்காக அவற்றைப் பாடத்திட்டத்தினின்று எவரும் நீக்கவில்லை.

சேர்வராயன் மலையின் இருவகைப் பள்ளிகளிலும் ஒரே கதையை, ஒரே திங்களில், தமிழில் நடத்தல் வேண்டும். தோட்டக் கூலியின் மகள், தன் பாட்டி சொன்ன முன்பணக் கணக்கை வகுப்பிற் சொல்லட்டும். நான்கு சுவர்ப் பள்ளியின் மகன், தன் பள்ளிக்கு வெளியே நிற்கும் குளம்பிச் செடியை நட்டவர் யார் என்று எழுதி வரட்டும். 2014-இல் நீக்கியவர் எவராயினும், அக் கதைகள் பள்ளிப் பாடமாகும் நாளில் ஆசிரியர்க்கான கற்பிக்கும் குறிப்பேட்டையும் உடன் அச்சிட்டு அனுப்பும்படி பாடநூற் குழுவினரைத் தமிழாசிரியர் கழகங்கள் கேட்டல் வேண்டும். அக் குறிப்பேட்டை எழுதும் குழுவில் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய ஆசிரியர் பாதிப்பேராவது இருத்தல் வேண்டும். மலையாளிக் குடியிலிருந்து ஆசிரியராய் வந்தவர்க்கும் அதில் ஓரிடம் ஒதுக்குக.